விவாகரத்துக்கு எவ்வளவு நாள் காத்திருக்கணும்? பத்திரத்தில் எழுதி பிரிஞ்சா செல்லுமா? வடசேரி முதல் கோர்ட் வாசல் வரை முழு விளக்கம்

"பிரிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. தானாவே விவாகரத்து ஆகியிருக்கும்ல?"

"ரெண்டு பேரும் பத்திரத்துல கையெழுத்து போட்டு நோட்டரி சீல் வாங்கிட்டோம். போதாதா?"

"ஆறு மாசம் காத்திருந்தா கிடைச்சிடும்னு சொன்னாங்களே?"

நாகர்கோவில் வடசேரி பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த மூன்று பேச்சும் காதில் விழும். மூன்றுமே தவறு, அல்லது பாதி உண்மை. இதை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டவர்கள் கிரிமினல் வழக்கில் சிக்குகிறார்கள். ஜீவனாம்சம் கேட்க வழி தெரியாமல் வருஷக் கணக்கில் அம்மா வீட்டிலேயே இருந்துவிடும் பெண்களும் உண்டு.

அப்படின்னா சட்டம் என்னதான் சொல்லுது? எந்தக் காரணத்துக்கு விவாகரத்து கிடைக்கும்? யார் எவ்வளவு காலம் காத்திருக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

முதல்ல சுருக்கமா 5 விஷயம்

* எத்தனை வருஷம் பிரிந்து வாழ்ந்தாலும் திருமணம் தானாக முறியாது. கோர்ட் தீர்ப்பு வேண்டும்.
* காத்திருப்புக் காலம் எல்லோருக்கும் ஒன்றல்ல. உங்கள் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதைப் பொறுத்து மாறும்.
* இந்து தம்பதி இருவரும் சம்மதித்தால் ஓராண்டு பிரிவு, அதன்பின் 6 மாதம். அந்த 6 மாதத்தைச் சில நிபந்தனைகளோடு கோர்ட் தள்ளுபடி செய்யலாம்.
* கிறிஸ்தவ தம்பதிக்குச் சட்டப் புத்தகத்தில் இருப்பது 2 ஆண்டு பிரிவு.
* பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு.

ஒரே தெரு, நாலு சட்டம்

வடசேரியில் ஒரு தெருவில் நாலு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் கோயிலில் தாலி கட்டிய இந்து தம்பதி. இரண்டாவது வீட்டில் சர்ச்சில் மோதிரம் மாற்றியவர்கள். மூன்றாவது வீட்டில் நிக்காஹ் நடந்தவர்கள். நாலாவது வீட்டில் காதலித்து சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து போட்டவர்கள்.

நாலு வீட்டிலும் ஒரே நாளில் சண்டை வந்து, ஒரே நாளில் பிரிந்தாலும், நாலு பேருக்கும் சட்டம் வேறு.

* முதல் வீடு: இந்து திருமணச் சட்டம், 1955
* இரண்டாவது வீடு: விவாகரத்துச் சட்டம், 1869
* மூன்றாவது வீடு: முஸ்லிம் தனிநபர் சட்டம், முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், 1939
* நாலாவது வீடு: சிறப்புத் திருமணச் சட்டம், 1954

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வெறும் உதாரணம் இல்லை. 2011 மக்கள் தொகை கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதனால் 'பக்கத்து வீட்டுக்காரருக்கு இத்தனை மாசத்துல கிடைச்சுது' என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

சீர்திருத்த முறையில், சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு? 1967இல் தமிழ்நாடு அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. எனவே இரு தரப்பும் இந்துக்களாக இருந்தால் அவர்களுக்கும் முதல் வீட்டின் சட்டம்தான்.

இந்து தம்பதி: என்னென்ன காரணம் சொல்லலாம்?

ஒருவர் பிரிய விரும்புகிறார், இன்னொருவர் மறுக்கிறார். அப்போது 13ஆவது பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றையாவது கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்.

* திருமணத்துக்கு வெளியே உறவு. இது குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெயில் கிடையாது, அவ்வளவுதான். விவாகரத்துக்கான காரணமாக அது இன்றும் இருக்கிறது.
* கொடுமை. உடலைத் துன்புறுத்துவது மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதும் சேரும்.
* கைவிட்டுச் செல்வது. மனு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.
* வேறு மதத்துக்கு மாறிவிடுவது.
* சேர்ந்து வாழ முடியாத அளவுக்குக் கடுமையான மனநோய்.
* தொற்றக்கூடிய பால்வினை நோய்.
* துறவறம் போவது.
* 7 ஆண்டாக உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாதது.

முன்பு தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது. 2019இல் அதை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. மருந்தில் குணமாகும் நோயைச் சொல்லி இனி யாரும் துணையைத் தள்ளிவிட முடியாது.

மனைவிக்கு மட்டும் கூடுதலாகச் சில காரணங்கள் உண்டு. கணவர் பாலியல் வன்கொடுமைக் குற்றம் செய்திருந்தால் கேட்கலாம். ஜீவனாம்ச உத்தரவு வந்து ஓராண்டாகியும் சேர்ந்து வாழவில்லை என்றால் கேட்கலாம். 15 வயதுக்கு முன் திருமணம் செய்துவைக்கப்பட்ட பெண், 15 வயதுக்குப் பின் 18 வயதுக்குள் அந்தத் திருமணத்தை மறுத்திருந்தாலும் கேட்கலாம்.

'கொடுமை'னா எது? எது இல்லை?

பெரும்பாலான வழக்குகள் இந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் நடக்கும். 2007 மார்ச்சில் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில உதாரணங்களைச் சொன்னது. தொடர்ந்து அவமானப்படுத்துவது, காரணமே இல்லாமல் நீண்ட காலம் தாம்பத்தியத்தை மறுப்பது, துணையைக் கேட்காமல் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்வது போன்றவை மனரீதியான கொடுமை ஆகலாம். ஆனால் எல்லா வீட்டிலும் நடக்கும் சின்னச் சின்ன உரசல் கொடுமை ஆகாது.

துணை மீதும் குடும்பத்தினர் மீதும் ஆதாரமில்லாமல் அவதூறான புகார்களை அடுக்குவதும் மனரீதியான கொடுமைதான் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இது கணவன், மனைவி இருவருக்குமே பொருந்தும். கோபத்தில் கூடுதலாக எழுதிக் கொடுக்கும் புகார் நாளைக்கு உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

'கைவிடுதல்' என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலைக்காக வளைகுடா போனவர் மனைவியைக் கைவிட்டவர் ஆகமாட்டார். பிரிந்து போவதும், இனி சேரவே மாட்டேன் என்ற எண்ணமும் இரண்டுமே இருக்க வேண்டும். அடி தாங்க முடியாமல் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணும் கணவரைக் கைவிட்டவர் ஆகமாட்டார். நியாயமான காரணத்தோடு வந்திருக்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கும்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. மனு போடலாமா?

பொதுவாக முடியாது. திருமணம் நடந்து ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுவை ஏற்கக் கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. மிகக் கடுமையான துன்பம், சகிக்க முடியாத நடத்தை இருந்தால் மட்டும் தனி அனுமதி கேட்கலாம்.

ஆனால் திருமணமே ஏமாற்றியோ மிரட்டியோ நடந்திருந்தால் கதை வேறு. அங்கே கேட்க வேண்டியது விவாகரத்து அல்ல, 'இந்தத் திருமணம் செல்லாது' என்ற அறிவிப்பு. இதற்கு ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், ஏமாற்று தெரிய வந்த ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். இங்கே தாமதித்தால் உரிமை போய்விடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கணவரோ மனைவியோ அடிக்கிறார் என்றால் போலீஸில் புகார் கொடுக்க எந்தக் காத்திருப்பும் கிடையாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன் கீழ் பெண் பாதுகாப்பு உத்தரவு கேட்க கல்யாணமாகி ஒரு வாரம் ஆகியிருந்தாலும் போதும். காத்திருப்பு என்பது விவாகரத்துக்குத்தான், பாதுகாப்புக்கு இல்லை.

இருவரும் சம்மதிச்சா எவ்வளவு நாள் ஆகும்?

இதுதான் 13பி பிரிவு. ஊரில் 'மியூச்சுவல்' என்று சொல்வது இதைத்தான். படிகள் இப்படி:

1. குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்.
2. இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். இது முதல் கட்டம்.
3. அதன்பின் 6 மாதம் காத்திருப்பு. மனம் மாற வாய்ப்பு தருவதற்காக வைத்தது.
4. 6 மாதம் முடிந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து 'எங்கள் முடிவில் மாற்றமில்லை' என்று சொல்ல வேண்டும்.
5. கோர்ட் விசாரித்து, திருப்தி அடைந்தால் தீர்ப்பு.

ஆக, 'ஆறு மாசம்' என்பது மனு போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டியது. பிரிந்த நாளிலிருந்து பார்த்தால் ஒன்றரை ஆண்டு.

பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடுதான் என்று அர்த்தமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான். வாடகைக்குத் தனி வீடு பார்க்க வசதி இல்லாதவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதல் கையெழுத்து போட்ட பிறகு ஒருவர் பின்வாங்கினால்? பின்வாங்கலாம். தீர்ப்பு வரும் நாள் வரை சம்மதம் நீடிக்க வேண்டும் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதனால் பணமோ நகையோ கைமாறும்போது எல்லாவற்றையும் மனுவில் எழுதிவையுங்கள். வாய்ப்பேச்சை நம்பி முதல் கட்டத்திலேயே முழுவதையும் கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டாம்.

அந்த 6 மாசத்தைத் தள்ளுபடி பண்ண முடியுமா?

முடியும். 2017 செப்டம்பர் 12 அன்று அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. நிபந்தனைகள் நாலு:

* முதல் மனு போடும் முன்பே ஒன்றரை ஆண்டுப் பிரிவு முடிந்திருக்க வேண்டும்.
* சமரச முயற்சிகள் எல்லாம் தோற்றிருக்க வேண்டும்.
* ஜீவனாம்சம், பிள்ளைகள், மற்ற விவகாரங்களை இருவரும் உண்மையாகவே பேசி முடித்திருக்க வேண்டும்.
* இனியும் காத்திருப்பது வேதனையைத்தான் கூட்டும் என்ற நிலை இருக்க வேண்டும்.

முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்தே இந்தத் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கலாம். தருவதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு.

2023 மே 1 அன்று 5 நீதிபதிகள் அமர்வு இன்னொரு தீர்ப்பு தந்தது. இனி சேரவே முடியாத அளவுக்கு முறிந்துபோன திருமணத்தை, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றமே நேரடியாக முடித்துவைக்கலாம் என்றது. இதைப் படித்துவிட்டுப் பலர் நாகர்கோவில் கோர்ட்டிலும் இதே கேட்கலாம் என நினைக்கிறார்கள். கேட்க முடியாது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். விவாகரத்து கேட்டு நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போடவும் முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

'மீள முடியாத முறிவு' என்பதைச் சட்டத்திலேயே ஒரு காரணமாகச் சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1978இலேயே சொல்லிவிட்டது. அதற்கான மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் காலாவதியானது.

கிறிஸ்தவ தம்பதி: 2 வருஷமா, 1 வருஷமா?

1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீண்ட காலம் ஒரு அநியாயம் இருந்தது. மனைவிக்கு வேறு உறவு இருக்கிறது என்று நிரூபித்தால் கணவருக்கு விவாகரத்து. ஆனால் கணவரிடமிருந்து பிரிய வேண்டும் என்றால் வேறு உறவு மட்டும் போதாது. கூடவே கொடுமை, கைவிடுதல் என்று இன்னொன்றையும் மனைவி நிரூபிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இருவருக்கும் காரணங்களைச் சமமாக்கியது. கொடுமை மட்டுமே, 2 ஆண்டு கைவிட்டது மட்டுமே இப்போது போதுமான காரணம்.

சம்மத விவாகரத்தும் அப்போதுதான் 10ஏ பிரிவாக வந்தது. ஆனால் அதில் பிரிவுக் காலம் 2 ஆண்டு என்று எழுதினார்கள். இந்துக்களுக்கு ஓராண்டு, எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு என்ற கேள்வி கோர்ட்டுக்குப் போனது. கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஓராண்டாகக் குறைத்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் பின்னர் அதே வழியில் போனது. 2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், சம்மத மனு போட ஓராண்டு காத்திருக்கச் சொல்வதே அடிப்படை உரிமைக்கு எதிரானது என்றது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம். ஆனால் குமரி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் மதுரைக் கிளை. சட்டப் புத்தகத்திலும் 2 ஆண்டு என்ற வார்த்தை அப்படியேதான் இருக்கிறது. அதனால் பிரிந்து ஓராண்டுதான் ஆகிறது என்றால், கேரளத் தீர்ப்புகளைக் காட்டி மனு போடலாமா என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2 ஆண்டு முடிந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. மனு போட்ட பிறகு 6 முதல் 18 மாதத்துக்குள் இரண்டாம் கட்டம் வருவது இங்கேயும் உண்டு.

சர்ச்சில் 'திருமணம் செல்லாது' என்று தீர்ப்பு வாங்கினால் போதுமா? போதாது. சபையின் தீர்ப்பாயம் தரும் ரத்து, சபைக்குள் மறுமணம் செய்ய உதவலாம். சட்டத்தின் கண்ணில் அந்தத் திருமணம் அப்படியே இருக்கும். 1996இல் மோலி ஜோசப் வழக்கிலும், 2017இல் வந்த பொதுநல வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. கோர்ட் தீர்ப்பு தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

முஸ்லிம் தம்பதி: பெண் எப்போது கோர்ட்டுக்குப் போகலாம்?

1939ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்குப் பல காரணங்களைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கால அளவு உண்டு.

* கணவர் எங்கே என்றே 4 ஆண்டாகத் தெரியாதது
* 2 ஆண்டாகச் செலவுக்குக் கொடுக்காதது
* 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் ஜெயில் தண்டனை
* காரணமில்லாமல் 3 ஆண்டாகக் கணவரின் கடமையைச் செய்யாதது
* 2 ஆண்டாக மனநோய்
* கொடுமை (இதற்குக் காலக் கணக்கு இல்லை)

கணவரைக் காணவில்லை என்ற காரணத்தில் கிடைக்கும் தீர்ப்பு மட்டும் 6 மாதம் கழித்தே அமலுக்கு வரும். அதற்குள் அவர் திரும்பி வந்து குடும்பம் நடத்தத் தயார் என்றால் தீர்ப்பு ரத்தாகும்.

ஒரே மூச்சில் மூன்று முறை தலாக் சொல்வதை 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே கதிதான்.

பெண் தரப்பில் கேட்கும் 'குலா'வுக்கு, தனியார் ஷரியத் கவுன்சில் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலப்புத் திருமணம்: இங்கே கவனம் ரொம்ப முக்கியம்

சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு விதிகள் கிட்டத்தட்ட இந்து தம்பதிக்கு உள்ளது போலத்தான். திருமணமாகி ஓராண்டு தடை, சம்மதத்துக்கு ஓராண்டுப் பிரிவு, பிறகு 6 மாதம்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர், யாரும் மதம் மாறாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்களுக்கு. இந்து திருமணச் சட்டம் இருவருமே இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். அப்படி இல்லாத திருமணம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவர்கள் விவாகரத்து மனு போடும் முன் எந்த மனு சரி என்பதை வக்கீலிடம் உறுதி செய்ய வேண்டும். அதே ஜோடி சர்ச்சில் முறைப்படி கல்யாணம் செய்திருந்தால், ஒருவர் கிறிஸ்தவர் என்பதே போதும். 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனு போடலாம்.

'பத்திரத்துல எழுதிட்டோம்': இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

நாஞ்சில் நாட்டில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. மருமக்கள் வழி நடந்த சமூகங்கள் இங்கே வாழ்ந்தன. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நையாண்டி செய்து எழுதியதும் அந்த முறையைத்தான்.

1925ஆம் ஆண்டு திருவிதாங்கூர் நாயர் சட்டத்தின்படி, இருவரும் சம்மதித்து ஒரு பத்திரத்தைப் பதிவு செய்தாலே திருமணம் முறியும். சம்மதிக்காவிட்டால் கோர்ட்டில் மனு. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்ததே 1949இல்தான். இந்தப் பக்கம் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே 'ஒழிமுறி' எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒழிமுறி என்றால் விலக்குப் பத்திரம். ஜெயமோகன் கதை எழுதி 2012இல் வந்த மலையாளப் படத்துக்கும் இதுதான் பெயர்.

ஆக, 'எழுதிக் கொடுத்தா முடிஞ்சுது' என்ற பேச்சு இந்த மண்ணில் வெறும் வதந்தி இல்லை. ஒரு காலத்தில் சில சமூகங்களுக்கு அது சட்டமாகவே இருந்தது. அப்போதும்கூட அது பதிவு செய்த பத்திரம். இன்று நோட்டரி சீல் குத்தி வாங்கும் முத்திரைத்தாள் அதற்கு ஈடாகாது.

வழக்கத்தாலோ சிறப்புச் சட்டத்தாலோ ஏற்கெனவே இருக்கும் விவாகரத்து உரிமையை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு பறிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு உரிமை தனக்கு இருக்கிறது என்று சொல்பவர்தான் கோர்ட்டில் அதை நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அத்துவிட்டோம் என்று சொல்வது மட்டும் போதாது. நிரூபிக்க முடியாமல் போனால், முதல் துணை உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். இரண்டாவதாக நம்பி வந்த பெண்ணும் மனைவி என்ற அந்தஸ்து இல்லாமல் நிற்பார்.

அந்த 'ஏழு வருஷம்' கதையும் இப்படித்தான். சட்டத்தில் இருப்பது, ஒருவர் உயிரோடு இருப்பதாகவே 7 ஆண்டு தகவல் இல்லை என்றால் மனு போடலாம் என்பது. கணவர் பக்கத்து ஊரில் நன்றாக இருக்கும்போது அது பொருந்தவே பொருந்தாது.

மனு எங்கே போடணும்?

நாகர்கோவிலில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில். இந்து தம்பதி மனு 'எச்.எம்.ஓ.பி.' என்றும், கிறிஸ்தவ தம்பதி மனு 'ஐ.டி.ஓ.பி.' என்றும் எண் பெறும். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர் என எதிலும் போடலாம். 2003 முதல் மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். சென்னையில் குடித்தனம் நடத்தி, பிரிந்து வடசேரியில் தாய் வீட்டில் இருப்பவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருந்தால்? வீடியோ கான்ஃபரன்ஸிங் வசதியைப் பயன்படுத்தலாம், நேரில் வர முடியாதவர் சார்பாகப் பெற்றோரோ உடன்பிறந்தவரோ வரவும் அனுமதிக்கலாம் என்று அமர்தீப் சிங் தீர்ப்பே சொல்கிறது.

சம்மதம் இல்லாத வழக்கு எத்தனை நாளில் முடியும்? நோட்டீஸ் சேர்ந்த 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 21பி பிரிவில் இருக்கிறது. ஆனால் எதிர்மனு, சமரச மையம், சாட்சி, குறுக்கு விசாரணை என்று நடைமுறையில் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போகும். நோட்டீஸ் வந்தும் கோர்ட்டுக்கே போகாமல் இருந்தால் வழக்கு நின்றுவிடாது. உங்களைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். எனவே நோட்டீஸை வாங்காமல் ஒளிவது யாருக்கும் உதவாது.

வழக்கு முடியுற வரை சாப்பாட்டுக்கு என்ன வழி?

* இடைக்கால ஜீவனாம்சம்: வழக்கு நடக்கும்போதே கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம்.
* மாதாந்திர ஜீவனாம்சம்: எந்த மதமானாலும், விவாகரத்து வழக்கே போடாமலும் மனைவியும் பிள்ளைகளும் கேட்கலாம். பழைய 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகியிருக்கிறது.
* எப்போதிலிருந்து? மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.
* நகை: பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த நகை பெண்ணுக்கே சொந்தம். 2024 ஏப்ரலில் கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் நகை வழக்கில், கணவர் அவருக்கு 25 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நகை பில்லும் கல்யாண போட்டோவும் பத்திரமாக இருக்கட்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசம். சட்ட உதவிக்கு 15100, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்களில் அழைக்கலாம்.

தீர்ப்பு வந்துடுச்சு. மறுநாளே கல்யாணம் பண்ணலாமா?

சம்மதத்தின் பேரில் குடும்ப நல நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சண்டையிட்டு வாங்கிய தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை பொறுக்க வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் அது 30 நாள், இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள். வம்பே வேண்டாம் என்றால் 90 நாள் கணக்கை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. மதுரைக் கிளையில் அப்பீல் போட்டிருந்தால் அது முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா காலம் உண்டு. பொதுவாக மூன்று மாதவிடாய் சுழற்சி, கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை.

கடைசியா ஒரு வார்த்தை

பிரிந்த தேதியை இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஓராண்டா, இரண்டாண்டா, ஒன்றரை ஆண்டா என்ற எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று, போட்டோ, ஆதார், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.

சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் பிரிவது என்று முடிவெடுத்துவிட்டால், அதைப் பத்திரத்தோடோ பஞ்சாயத்தோடோ நிறுத்திவிடாமல் கோர்ட் தீர்ப்போடு முடியுங்கள். அந்த ஒரு தாள்தான் நாளைக்கு உங்களையும், உங்களை நம்பி வரப்போகிறவரையும் காப்பாற்றும்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் வழக்குக்கு ஏற்ற ஆலோசனையை வக்கீலிடம் பெறவும்.)